26 கிலோ மூட்டையும் ஒரு நேர்காணலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை உங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் எங்கள் பகுதி மக்கள் பிரதிநிதி ஒருவரின் நேர்காணல் வந்திருந்தது. அரைப் பக்கத்துக்கு மேல். ஒரே நாடு ஒரே தேர்தல், துறைமுகம், நான்குவழிச் சாலை, ரயில்வே கோட்டம், நாட்டின் பொருளாதாரம் எத்தனை டிரில்லியனைத் தொடும் என்பது வரை எல்லாவற்றுக்கும் அவரிடம் கருத்து இருந்தது. சிலவற்றில் எனக்கு உடன்பாடு, சிலவற்றில் இல்லை. அதற்காக இதை எழுதவில்லை. கடைசிக் கேள்விக்கு அவர் சொன்ன பதில்தான் என்னைப் பேனா எடுக்க வைத்தது. வீட்டில் எப்படி என்று உங்கள் நிருபர் கேட்டிருக்கிறார். வீட்டு நிர்வாகம் முழுக்க மனைவி பொறுப்பு, அரிசி என்ன விலை என்றுகூடத் தனக்குத் தெரியாது என்று அவர் சொன்னாராம். சொல்லும்போது சிரித்தார் என்பதையும் நிருபர் அடைப்புக்குறிக்குள் குறித்திருந்தார். பக்கத்தில் பேரக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் படம். எளிமையான மனிதர் என்று படத்துக்குக் கீழே ஒரு வரி.

நான் 1996 முதல் 2001 வரை திருவட்டார் ஒன்றியத்தில் ஓர் ஊராட்சிக்குத் தலைவராக இருந்தவள். பிறகு 2011 முதல் 2016 வரை ஒன்றியக் குழு உறுப்பினர். ஊராட்சித் தலைவர் தேர்தலுக்குக் கட்சிச் சின்னம் கிடையாது. எனக்குப் பூட்டு சாவி கிடைத்தது. ஒன்றியக் குழுவுக்குக் கட்சிச் சின்னத்தில்தான் நின்றேன். எந்தக் கட்சி என்று சொன்னால் பாதிப் பேர் இந்தக் கடிதத்தைப் படிக்கமாட்டார்கள்; மீதிப் பேர் படிக்காமலே கைதட்டுவார்கள். எனவே அதை விட்டுவிடுகிறேன். நேர்காணல் தந்தவர் மீது எனக்குக் கோபமும் இல்லை. என் மகன் கல்யாணத்துக்கு வந்து, கடைசிப் பந்தியில் எங்களோடு உட்கார்ந்து, பாயசத்தில் பப்படத்தையும் பழத்தையும் நொறுக்கிப் போட்டுச் சாப்பிட்டுவிட்டுப் போனவர்.

அரிசி விலையிலிருந்தே வருகிறேன். நாங்கள் குலசேகரத்தில் ஒரு கடையில் மூட்டையாக வாங்குகிறோம், சிவப்புப் புழுங்கல் அரிசி. முன்பெல்லாம் மூட்டை என்றால் 25 கிலோ. இப்போது 26 கிலோ. அந்த ஒரு கிலோ எங்கிருந்து வந்தது? 2022 ஜூலை 18 முதல், பையில் அடைத்துப் பெயர்ச்சீட்டு ஒட்டிய அரிசிக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது. 25 கிலோ வரைதான் அந்த வரி. அதற்கு மேல் போனால் இல்லை. ஆலைக்காரர்கள் உடனே 26 கிலோ மூட்டை போட ஆரம்பித்துவிட்டார்கள். கணக்கைப் பாருங்கள். கிலோ 60 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 25 கிலோவுக்கு 1,500 ரூபாய், வரி 75 ரூபாய், ஆக 1,575. 26 கிலோவுக்கு 1,560 ரூபாய், வரி இல்லை. கூடுதல் அரிசிக்குக் குறைந்த விலை! எங்கள் கடைக்காரர் இதை விளக்கியபோது, நான் ஏதோ ஏமாற்று என்று நினைத்து இரண்டு தடவை தாளில் எழுதிப் பார்த்தேன். கணக்கு சரிதான். இதில் என்ன நியாயம் என்றால், ஐந்து கிலோ பையாக வாங்குகிற வீட்டுக்கு வரி உண்டு. ஆட்டோ பிடித்து மூட்டையாக இறக்குகிற எனக்கு இல்லை. சாக்கிலிருந்து எடை போட்டு வாங்கினால் அவர்களுக்கும் வரி இல்லை என்பார்கள். உண்மைதான். ஆனால் சாக்கைப் பிரித்து எடை போட்டுத் தருகிற கடைகள் எங்கள் பக்கத்தில் எத்தனை மிச்சம் இருக்கின்றன என்று ஒருநாள் வந்து எண்ணிப் பாருங்கள். அந்த இருபத்தாறாவது கிலோவையும் சேர்த்துத் திண்ணையிலிருந்து அடுக்களைக்கு இழுப்பது யார் என்பது வேறு கணக்கு. அதை என் முதுகு வைத்திருக்கிறது.

ஜி.எஸ்.டி. நல்லது என்று அந்த நேர்காணலில் ஒரு பத்தி இருக்கிறது. அரிசி விலை தெரியாத ஒருவர் இந்த 26 கிலோ மூட்டையைப் பற்றி ஆதரித்தோ எதிர்த்தோ என்ன சொல்லியிருக்க முடியும்?

எனக்கும் ஒரு நேர்காணல் எடுத்தார்கள். 1996 அக்டோபர் தேர்தல் முடிந்த கையோடு. அரசியல் சட்டத்தின் 73-வது திருத்தத்தால் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் வந்து நடந்த முதல் ஊராட்சித் தேர்தல் அது. வந்தவர் வேறொரு பத்திரிகையின் நிருபர். முதல் கேள்வி: வீட்டில் சமையல் யார்? இரண்டாவது: கணவர் சம்மதித்தாரா? மூன்றாவது: பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வார்கள்? ஜவஹர் ரோஜ்கார் என்ற கிராம வேலைவாய்ப்புத் திட்டத்தில் ஊராட்சிக்கு எவ்வளவு வரும், அதில் எந்தப் பாதையைப் போடலாம் என்று நான் இரண்டு இரவு உட்கார்ந்து குறிப்பு எடுத்து வைத்திருந்தேன். அந்தத் தாளை அவர் பார்க்கவே இல்லை. கூட வந்த படக்காரர் என்னை அடுப்பருகில் நிற்கச் சொல்லிக் கையில் அகப்பையைக் கொடுத்தார். நானும் நின்றேன், சிரித்தேன். அது என் மாமியாரின் அகப்பை. தேர்தல் வேலையில் இரண்டு மாதமாக அடுக்களைப் பக்கமே போகாதவள் நான். அன்றைக்கு அடுப்பில் இருந்தது எரிசேரியா தீயலா என்றுகூட எனக்குத் தெரியாது. படம் வந்த அன்று மாமியார் பேப்பரைக் கண்ணுக்கு நெருக்கமாக வைத்துப் பார்த்துவிட்டு, "அகப்பையைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறாய் மக்களே" என்றார். மிகை இல்லை, வீட்டில் அந்தப் படம் இன்னும் இருக்கிறது.

ஆக, பெண்ணிடம் நாட்டைக் கேட்பதில்லை. ஆணிடம் வீட்டைக் கடைசியாக, பலகாரம் போல, ஒரு கேள்வி கேட்கிறீர்கள். தெரியாது என்றால் அது அவருக்கு அழகாகிவிடுகிறது. நான் அன்று அரிசி விலை தெரியாது என்று சொல்லியிருந்தால் என்ன எழுதியிருப்பீர்கள்?

எங்கள் வீட்டு அடுக்களையில் ஒரு சுவர் இருக்கிறது. அதன் கதையைச் சொல்கிறேன்.

2012 செப்டம்பரில், மானிய விலையில் ஒரு வீட்டுக்கு ஆண்டுக்கு ஆறு சிலிண்டர்தான் என்று டெல்லியில் முடிவு செய்தார்கள். அப்போது எங்கள் கூரைக்குக் கீழே ஒன்பது பேர். மாமியார், நாங்கள் இருவர், எங்கள் பிள்ளைகள் இரண்டு பேர், கொழுந்தனார், ஓரகத்தி, அவர்கள் பிள்ளைகள் இரண்டு பேர். ரப்பர் விறகையும் கொதும்பையும் சிரட்டையையும் சேர்த்து எரித்தும் ஒரு சிலிண்டர் மூன்று வாரத்தைத் தாண்டாது. ஆறு எந்த மூலைக்கு? இன்னோர் இணைப்பு வாங்கலாம் என்றால், ஒரு வீட்டுக்கு ஓர் இணைப்பு என்பது விதி. வீடு என்பதை அவர்கள் அளப்பது அடுக்களையை வைத்து. ஓர் உலை கொதித்தால் ஒரு வீடு, இரண்டு உலை கொதித்தால் இரண்டு. எனவே கொழுந்தனார் பேருக்குத் தனி ரேஷன் அட்டை எழுதிப் போட்டோம். யாராவது பார்க்க வந்தால் காட்டுவதற்கு என்று அடுக்களையின் நடுவே ஹாலோ பிளாக்கில் இடுப்புயரத்துக்கு ஒரு சுவர் எழுப்பினோம். எல்லாம் காகிதத்துக்காக. சமையல் முன்போலச் சேர்ந்தே நடக்கும் என்றுதான் பேச்சு.

ஒரு மாதம் அப்படி நடந்தது. பிறகு அந்தப் பக்கத்துச் சிலிண்டர் முதலில் தீர்ந்தது. ஒன்பது பேருக்கும் சோறு அதில் வெந்தது என்று ஓரகத்தி சொன்னாள். மீனும் எண்ணெயும் எங்கள் கணக்கு என்று நான் சொன்னேன். இருவரும் சத்தம் போடவில்லை. மறுநாள் இரண்டு பக்கமும் தனித்தனியாக உலை வைத்தோம். அம்மி அந்தப் பக்கம் போயிற்று. ஆட்டுரல் எங்கள் பக்கம் நின்றது. மாமியார் மதியம் அங்கே சாப்பிட்டார், இரவு இங்கே. சாளை மீன் வாங்கினால் இரண்டு பக்கமும் குழம்பு மணக்கும், ஆனால் இரண்டும் ஒரே மணம் இல்லை. 2013 ஜனவரியில் ஆறை ஒன்பதாக்கினார்கள். 2014 ஜனவரியில் பன்னிரண்டாக்கினார்கள். சுவரை யாரும் இடிக்கவில்லை. இடுப்புயரமாக இருந்தது பின்னால் நெற்றிவரை உயர்ந்தது, மேலே மசாலா டப்பா வைக்க வசதியாக இருக்கிறது என்று.

அந்த நாட்களில் நான் ஒன்றியக் குழுக் கூட்டத்தில் சிலிண்டர் கட்டுப்பாட்டைக் கண்டித்துப் பேசியிருக்கிறேன். நிதிப் பற்றாக்குறை, மானியச் சுமை, கச்சா எண்ணெய் விலை என்று எல்லாம் சொன்னேன். இந்தச் சுவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் குடும்ப விஷயத்தைச் சபையில் பேசுகிறாள் என்பார்கள். அன்று எனக்கு இருந்த வெட்கமும் நேர்காணல் தந்தவரின் சிரிப்பும் ஒரே கொடியில் காய்த்தவை என்று இப்போது தோன்றுகிறது.

ரப்பரைப் பற்றி அவர் நாலு வரி சொல்லியிருந்தார், விலை உயரப் பாடுபடுவேன் என்று. எங்களுக்கு ஒரு ஏக்கர் ரப்பர் உண்டு. 2011 ஏப்ரலில் ஷீட் கிலோ 240 ரூபாயைத் தொட்டபோது, என் கணவர் இனி இறங்காது என்று நம்பி மாடியில் ஓர் அறை கட்டத் தொடங்கினார். அப்போது ஊரில் பாதிப் பேர் ஏதாவது ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். 2016 தொடக்கத்தில் விலை 100 ரூபாய்க்கும் கீழே போயிற்று. பால் வெட்டுகிறவருக்குக் கூலி கொடுத்தால் மிச்சம் ஒட்டுப்பால்தான் என்ற நிலை. பலர் மரத்தில் பால் வெட்டாமலே விட்டார்கள். ஆசியான் என்ற தென்கிழக்கு ஆசிய நாடுகளோடு செய்துகொண்ட வர்த்தக ஒப்பந்தம் 2010 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தபோது, இயற்கை ரப்பருக்கு அதில் வரிச்சலுகை இல்லை, பயப்பட வேண்டாம் என்றார்கள். சலுகை இல்லாததும் உண்மைதான். ஆனால் ரப்பரோடு வேறு சரக்கைக் கலந்து கலவை ரப்பர் என்று பெயர் மாற்றினால் பொதுவான இறக்குமதி வரியே 10 சதவீதம் மட்டும். அந்த வரியை 25 சதவீதமாக உயர்த்தியது 2023 பட்ஜெட்டில்தான். அதற்குள் எங்கள் அறைக்கு மேற்கூரை வந்திருந்தது, பூச்சு வரவில்லை. இன்றும் வரவில்லை. வருகிறவர்கள் மேலே பார்த்துக் கேட்டால், "அது ஆசியான் ஒப்பந்தம்" என்று சொல்வார் என் கணவர்.

என் மாமியார் 2018-ல் காலமானார். பதினாறாம் நாள் கழிந்து அவர் பெட்டியையும் பரண் மேல் இருந்த பரணி என்னும் ஜாடிகளையும் இறக்கினோம். மிளகுப் பரணியின் அடியில், ஒரு பழைய காலண்டர் தாளில் சுற்றிய ஏழு நோட்டுகள். ஐந்து ஐந்நூறு, இரண்டு ஆயிரம். மொத்தம் 4,500 ரூபாய். எல்லாம் 2016 நவம்பர் 8-ஆம் தேதி இரவோடு செல்லாமல் போனவை. அந்த டிசம்பர் 30 வரை வங்கிக் கணக்கில் போட வழி இருந்தது. நாங்கள் எல்லோரும் வரிசையில் நின்றோம். அவரிடமும் கேட்டோம், "மாமி, ஏதாவது வைத்திருக்கிறீர்களா?" என்று. என்னிடம் ஏது மக்களே என்றார். ஓரகத்தி ஒருநாள் பிறகு சொன்னாள்: தன் சாவுச் செலவு மகன்களின் மேல் விழக்கூடாது என்று அவர் முட்டை விற்ற காசிலும் மிளகு விற்ற காசிலும் சேர்த்து வைத்தாராம். வெளியே எடுத்தால் சேர்த்தது தெரிந்துவிடும்; தெரிந்தால் அது சாவுச் செலவாக நிற்காது, யாருடைய பள்ளிக் கட்டணத்துக்காவது போய்விடும். அவருக்கு அந்தக் கணக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. பத்துக்கு மேல் செல்லாத நோட்டு வைத்திருப்பது குற்றம் என்று 2017-ல் சட்டம் வந்தது. "ஏழுதான், தப்பித்தோம்" என்றார் என் கணவர். ஒருவரும் சிரிக்கவில்லை. கறுப்புப் பணத்தைப் பற்றி யார் மேடையில் பேசினாலும் எனக்கு மிளகு வாசனை வரும்.

நல்லதும் டெல்லியிலிருந்து வந்திருக்கிறது, அதை மறைத்தால் நான் கட்சிக்காரியாகிவிடுவேன். எங்கள் மாவட்டத்துக்கு 2008 ஏப்ரலில் வந்த நூறு நாள் வேலையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி. பறம்பு என்னும் தோட்டக்காட்டு வேலையில் ஆணுக்கு ஒன்றும் பெண்ணுக்கு அதில் பாதிக்குச் சற்று மேலும் என்று பழகிய ஊர் இது. சொந்தப் பெயரில் வங்கிப் புத்தகம் வந்த பிறகு சில வீடுகளில் குரல் மாறியதை நான் பார்த்திருக்கிறேன். பிறகு 2023 ஜனவரியிலிருந்து வருகைக்கு நாளொன்றுக்கு இரண்டு முறை கைப்பேசியில் படம் எடுக்க வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். பேச்சிப்பாறைப் பக்கத்து மலைச்சரிவில் சிக்னலைத் தேடிப் பணித்தளப் பொறுப்பாளர் பாறை பாறையாக ஏறுவார். கொடுத்த அளவு மண்ணை வெட்டி முடித்த பெண்கள், வீட்டில் படுத்திருக்கும் மாமனாருக்குக் கஞ்சி கொடுக்கப் போக முடியாமல் இரண்டாவது படத்துக்காக உட்கார்ந்திருப்பார்கள். ஊழலைத் தடுக்கத்தான் அந்த ஏற்பாடு. தடுக்கட்டும். கஞ்சியும் ஒரு பக்கம் ஆறிக்கொண்டிருந்தது.

2017 அக்டோபர் 2 கிராம சபையில் ஒரு கல்லூரி மாணவி எழுந்து, நாப்கினுக்கு 12 சதவீத வரி போட்டிருக்கிறார்கள், அதை நீக்கச் சொல்லித் தீர்மானம் போட வேண்டும் என்றாள். அப்போது தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் யாரும் இல்லை. 2016 முதல் 2019 கடைசி வரை தனி அலுவலர் ஆட்சிதான். ஆண்கள் எல்லோரும் மின்விசிறியைப் பார்த்தார்கள். அது ஊராட்சியின் அதிகாரத்துக்குள் வராது என்று பதில் வந்தது. நானும் இன்னும் சில பெண்களும் விடாமல் நின்று எழுத வைத்தோம். 2018 ஜூலையில் அந்த வரி நீங்கியது. எங்கள் தீர்மானத்தால் இல்லை என்பது எனக்கும் தெரியும்.

இப்போது என் குற்றம். மற்றவரைச் சொல்லிவிட்டு இதை விட்டால் என் மருமகள் இந்தக் கடிதத்தை அஞ்சலில் போடமாட்டாள். ஒன்றியக் குழுவில் இருந்தபோது ஒரு மார்ச் 8-ஆம் தேதி தக்கலையில் மகளிர் தினக் கூட்டம். வீட்டு வேலைக்குக் கூலி இல்லை, அதை நாட்டின் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று பேசினேன். நல்ல கைதட்டல். இரவு ஒன்பது மணிக்கு வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றும்போதே, "என்ன இருக்கிறது சாப்பிட?" என்று கேட்டேன். மகன் மஸ்கட்டில் இருக்கிறான். மருமகள் எம்.எஸ்.சி., பி.எட். படித்தவள், அப்போது ஒரு பள்ளியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் பாடத்துக்குக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தவள் எழுந்து சோறு போட்டாள், குழம்பைச் சுடவைத்து ஊற்றினாள். பிறகு கேட்டாள்: "மாமி, இன்று கூட்டத்தில் சொன்னது என் கணக்கிலும் சேருமா?" எனக்குச் சோறு இறங்கவில்லை என்று எழுதினால் நன்றாக இருக்கும். இறங்கியது. பசி. ஆனால் தட்டை நானே கழுவினேன். அதையும் ஒருவாரம் கழித்து மறந்துபோனேன்.

தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2024-ல் எடுத்த நேரக் கணக்கெடுப்பில், கூலியில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் நாளொன்றுக்கு 289 நிமிடம் கொடுக்கிறார்கள், ஆண்கள் 88 நிமிடம் என்று வந்தது. 88 என்றதும் பரவாயில்லையே என்று என் கணவர் சந்தோஷப்பட்டார். வீட்டு வேலை செய்கிற ஆண்களின் சராசரிதான் அது, செய்யாதவர்கள் அந்தக் கணக்கிலேயே இல்லை என்று மருமகள் விளக்கினாள். அவர் ஓய்வு பெற்ற பிறகு மீன் நறுக்கப் பழகியவர். நெத்திலி மட்டும். பெரிய மீன் என்றால் இன்றும் கூப்பிடுவார்.

நாடாளுமன்றத்திலும் சட்டமன்றத்திலும் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு என்று 2023-ல் அரசியல் சட்டத்தைத் திருத்தினார்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுசீரமைப்பும் முடிந்த பிறகு என்று அதிலேயே எழுதிவைத்தும் இருக்கிறார்கள். அதுவரை வீட்டையும் நாட்டையும் பற்றி நேர்காணலில் பதில் சொல்லப்போகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள்தான். அப்படியானால் கேள்வியையாவது மாற்றிக் கேட்கலாம். அரிசி விலையை முதல் கேள்வியாக வையுங்கள். ஒன்றுக்கும் உதவாத கேள்வி என்று அவர்கள் நினைத்தால் சிலிண்டர் தீர்ந்து எத்தனை நாளில் அடுத்தது வரும் என்று கேளுங்கள், ரேஷனில் இந்த மாதம் பருப்பு வந்ததா என்று கேளுங்கள். பதில் தெரிந்தவர் டிரில்லியனைப் பற்றிப் பேசட்டும், நான் கேட்கத் தயார்.

இதை இவ்வளவில் முடிக்க நினைத்தேன். ஆனால் புதன்கிழமை மார்த்தாண்டத்தில் ஒரு கல்யாண வீட்டில் அந்த நேர்காணல் தந்தவரின் மனைவியைப் பார்த்தேன். கை கழுவுகிற இடத்தில். நேர்காணலைப் படித்தீர்களா என்றேன். படித்தேன் அக்கா, பொய் ஒன்றும் சொல்லவில்லையே என்றார். பிறகு நான் கேட்காமலே 26 கிலோ மூட்டையைச் சொன்னார். 75 ரூபாய் வரியும் 60 ரூபாய் அரிசியும் அவர் விரல் நுனியில் இருந்தன. சிலிண்டர் விலை 2023 ஆகஸ்ட் கடைசியில் 200 ரூபாய் குறைந்ததையும், 2024 மகளிர் தினத்தன்று இன்னொரு 100 குறைந்ததையும் சொன்னார். "தேர்தல் வருவதை அவர் கட்சி ஆபீசில் கேட்டுத் தெரிந்துகொள்வார். நான் சிலிண்டர் ரசீதைப் பார்த்துத் தெரிந்துகொள்வேன்" என்றார். அவருக்கு விலைவாசி தெரியாதது ஒரு வகையில் நல்லது, தெரிந்தால் ஒவ்வொன்றுக்கும் வீட்டில் கூட்டம் போடுவார், காபி கலக்க வேண்டியது நான்தானே என்றும் சொன்னார். ரப்பர், முந்திரி ஆலைகள், வெளிநாட்டுக்குப் பிள்ளைகளை அனுப்புகிற கடன் என்று ஈரக்கையோடு நின்றபடியே பேசினார். பின்னால் வரிசை நீண்டுவிட்டதால் நகர்ந்தோம்.

இதையெல்லாம் எழுதலாமா என்று கேட்டேன். எழுதுங்கள், பேர் மட்டும் வேண்டாம் என்றார். எனவே என் பெயரையும் நீங்கள் போட வேண்டாம். முகவரி தனித்தாளில் இணைத்திருக்கிறேன். உங்கள் நிருபர் விரும்பினால் அந்த மனைவியின் கைப்பேசி எண்ணை அவரிடமே கேட்டு வாங்கித் தருகிறேன். காலை பதினொன்றிலிருந்து பன்னிரண்டுக்குள் பேச வேண்டும். அதற்கு முன்னாலும் பின்னாலும் அவருக்கு நேரம் கிடையாது.

இப்படிக்கு,
முன்னாள் ஊராட்சித் தலைவர்,
திருவட்டார் ஒன்றியம்,
கன்னியாகுமரி மாவட்டம்